உங்க ஊர் ரயிலடி கதைய நீங்களே தோண்டி எடுக்குறது எப்படி: கடலூர், பாண்டி லைன வச்சு ஒரு கைடு

கடலூர்ல ரெண்டு ஸ்டேஷன் இருக்கு, பாண்டில ஒரு ஸ்டேஷன் இருக்கு, ஆனா இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல நேரா ஒரு தண்டவாளம் கிடையாது. பஸ்ல ஏறி உக்காந்தா கண்ணு அசர்றதுக்குள்ள வந்துடுற தூரம், அதையே ரயில்ல போகணும்னா விழுப்புரம் போய் சுத்தி சுமார் 80 கிலோமீட்டர் போகணும். ஏன் இப்படின்னு கேட்டா நம்ம ஆளுங்க பாதிப் பேரு "அது அப்படித்தான்"னு போயிடுவாங்க. இந்த "ஏன்"ல தான் ஊர் ரயில் வரலாறே ஆரம்பிக்குது.

நிறைய பேரு என்ன பண்றாங்கன்னா, ஸ்டேஷன் வாசல்ல நின்னு நாலு போட்டோ எடுத்து, "ஆங்கிலேயர் காலத்து பழமை வாய்ந்த கட்டடம்"னு ஒரு வரி போட்டு, கடைசில "பாதுகாக்கப்பட வேண்டும்"னு முடிச்சிடுறாங்க. அத படிச்சு யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல. என்னைக் கேட்டா கட்டடத்த கடைசில பாத்துக்கலாம், முதல்ல சரக்கப் பாருங்க. என்ன ஏத்துனாங்க, எங்க கொண்டு போய் இறக்குனாங்க, அங்கேர்ந்து அது எந்தக் கப்பல்ல போச்சு. இது மூணும் கைக்கு வந்துட்டா ஸ்டேஷன் ஏன் ஊர விட்டு ஒதுங்கி நிக்குது, லைன் ஏன் அங்க போய் வளையுது, ஏன் ஒரு ஊருக்கு ஜங்ஷன் கிடைச்சு பக்கத்து ஊருக்கு ஹால்ட் மட்டும் கிடைச்சுதுன்னு ஒவ்வொண்ணா வெளங்க ஆரம்பிக்கும்.

முதல் வேலை பேர் பட்டியல். பழைய பேப்பர்ல இன்னிக்கு இருக்குற பேர வச்சு தேடினா ஒண்ணும் சிக்காது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பழைய டைம்டேபிள்ல கடலூர் என்.டி., அதாவது நியூ டவுன். இப்ப கடலூர் போர்ட் ஜங்ஷன்னு போர்டு தொங்குறது ஓ.டி., ஓல்டு டவுன். முதுநகர் பக்கம் பெரியவங்க இன்னும் ஓ.டி.ன்னு தான் சொல்றாங்க. மயிலாடுதுறை மாயவரம், பரங்கிப்பேட்டை போர்ட்டோ நோவோ. மாவட்டம் தென்னாற்காடு, 1993-ல தான் கடலூர், விழுப்புரம்னு ரெண்டா பிரிச்சாங்க, அதனால அதுக்கு முந்தைய எந்த ரெக்கார்டும் கடலூர் மாவட்டம்னு இருக்காது. ரயில் கம்பெனி பேரும் அப்படித்தான். 1951-க்கு முன்னாடி சதர்ன் ரயில்வேன்னு தேடாதீங்க, சவுத் இந்தியன் ரயில்வே, சுருக்கமா எஸ்.ஐ.ஆர். இந்தப் பேரெல்லாம் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி, இங்கிலீஷ்ல எத்தன விதமா ஸ்பெல்லிங் போட்டிருப்பான்னும் பக்கத்துல எழுதிக்கங்க, வெள்ளக்காரன் ஒரே புஸ்தகத்துல ஒரே ஊர மூணு மாதிரி எழுதியிருப்பான்.

அடுத்து லைன வருஷ வரிசைல வரைங்க. மேப் பிரிண்ட் எல்லாம் வேணாம், ஒரு வெள்ளப் பேப்பரும் நாலு கலர் பேனாவும் போதும். நம்ம பகுதிக்கு வரிசை ஏறக்குறைய இப்படி வரும். முதல்ல ரயில் வந்தது இங்க இல்ல, நாகப்பட்டினத்துல. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியான்னு ஒரு கம்பெனி 1861-ல நாகப்பட்டினத்துலேர்ந்து தஞ்சாவூருக்கும் அடுத்த வருஷம் திருச்சிக்கும் ஓட்டுனாங்க, அது பிராட் கேஜ், அதாவது அகலப் பாதை. 1874-ல அந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேந்து தான் எஸ்.ஐ.ஆர். ஆச்சு. அவங்க அத விடக் குறுகலான மீட்டர் கேஜ்னு முடிவு பண்ணி, போட்ட பிராட் கேஜையும் பேத்துட்டு மீட்டர் கேஜ் ஆக்குனாங்க, அதையே நூறு வருஷத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்க பேத்துட்டு மறுபடி பிராட் கேஜ் போட்டாங்க, இதுக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. 1870-கள் முடியறதுக்குள்ள சென்னைலேர்ந்து செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர்னு மெயின் லைன் முழுசா வந்துடுச்சு. 1879-ல விழுப்புரம் பாண்டி கிளை. காரைக்காலுக்கு பேரளம் வழியா 1898-ல.

அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. 1920-கள் கடைசில தான் விழுப்புரம் விருத்தாசலம் திருச்சின்னு கார்டு லைன், அதாவது குறுக்கு வழி லைன், வருது, கடலூர் விருத்தாசலம் லைனும் அந்த சமயத்துல தான், 1931-ல அது சேலம் வரைக்கும் போயிடுச்சு. இத வரைஞ்சு முடிச்சதும் ஒண்ணு கண்ணுல படும் பாருங்க. ஐம்பது வருஷம் சென்னை திருச்சி போறவன் எல்லாம் கடலூர் மேல தான் போனான். கார்டு லைன் வந்ததும் அவசரமா போறவனுக்கு கடலூர் தேவையில்லாம போச்சு. மெயின் லைன்னு பேரு மட்டும் நம்மகிட்ட தங்கிடுச்சு, வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. கடலூர் ஏன் இன்னும் "பெரிய வண்டி நிக்கல"ன்னு மனு குடுத்துட்டே இருக்குன்னு இந்த ஒரு படம் சொல்லிடும்.

இப்ப சரக்குக்கு வருவோம், நீங்க அதிக நேரம் செலவு பண்ண வேண்டிய இடம் இது தான். வரைஞ்ச லைன் மேல ஒவ்வொரு ஸ்டேஷன் பக்கத்துலயும் அந்த ஊர்ல என்ன விளையும், என்ன செய்வாங்கன்னு எழுதுங்க. நெல்லிக்குப்பம்னா சக்கரை, பாரி கம்பெனி அங்க 1840-கள்லயே ஆலை நடத்துனாங்க, அதாவது ரயிலுக்கு முன்னாடியே. பண்ருட்டின்னா பலாவும் முந்திரியும்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா 19-ம் நூற்றாண்டு கடைசில இந்த ஜில்லாவுக்கே காசு கொட்டுனது மல்லாட்டை, அதான் வேர்க்கடலை தான். வளவனூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்து செம்மண்ணுல விளைஞ்ச மல்லாட்டை மூட்டை மூட்டையா பாண்டிக்கும் கடலூருக்கும் போயி, அங்கேர்ந்து கப்பல்ல பிரான்ஸ்ல இருக்குற மார்சேய் துறைமுகத்துக்கு போச்சு, அங்க எண்ணெய் பிழிஞ்சு சோப்பு போடறதுக்கு. பாண்டி லைன் வெறும் 38 கிலோமீட்டர் தான், நடுவுல வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர். அந்தச் சின்னக் கிளைக்கு தனியா பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனின்னு ஒண்ணே ஆரம்பிச்சு, வண்டி ஓட்டுற வேலைய மட்டும் எஸ்.ஐ.ஆர். கைல குடுத்தாங்க. பிரெஞ்சு மண்ணுல இங்கிலீஷ்காரன் ரயில். ஏன் இவ்ளோ சிரமப்பட்டான்னு மல்லாட்டைய வச்சுப் பாத்தா புரியும். பின்னாடி உள்ள விளைநிலம் பூரா இங்கிலீஷ்காரன்கிட்ட, துறைமுகம் மட்டும் பிரெஞ்சுக்காரன்கிட்ட, லைன் இல்லன்னா கப்பல் காலியா நிக்கும்.

இத வச்சு முதல் கேள்விக்கு வரலாம், கடலூர் பாண்டி நேர் லைன் ஏன் இல்ல. என் கணக்கு இது. ரெண்டும் துறைமுகம், ரெண்டுக்கும் ஒரே சரக்கு தான் வேணும், ஒண்ணு இவனோடது இன்னொண்ணு அவனோடது. போட்டிக் கடைக்காரன் ரெண்டு பேரு நடுச் சுவத்துல கதவு வைக்க மாட்டாங்க. போதாததுக்கு நடுவுல பெண்ணையாறு வேற, பாகூர் பக்கம் பிரெஞ்சு எல்லையும் இங்கிலீஷ் எல்லையும் துண்டு துண்டா கலந்து கிடக்கு. இதுக்கு கையெழுத்து போட்ட ஒரு உத்தரவு கெடச்சா இன்னும் பலமா சொல்லலாம், நீங்க தேடறப்ப சிக்குச்சுன்னா விடாதீங்க. இந்த மாதிரி உங்க ஊகத்த எழுதறப்ப "என் கணக்கு"ன்னு தெளிவா போட்டுடுங்க, இல்லன்னா நாலு வருஷத்துல அதையே நாலு பேரு காப்பி பண்ணி உண்மையாக்கிடுவாங்க.

ரயில் வந்தா தொழில் வரும்னு பொதுவா ஒரு நெனப்பு இருக்கு, அதையும் ஊர் ஊரா சோதிச்சுப் பாருங்க. பரங்கிப்பேட்டைல ஜோசையா ஹீத்னு ஒருத்தரு 1830-கள்லயே இரும்பு உருக்குற ஆலை நடத்துனாரு, சேலத்துப் பக்கத்து இரும்புத்தாது, மரக்கரி அடுப்பு, அந்தக் காலத்துக்கு பெரிய விஷயம். ஆனா அது நொடிஞ்சு போனதுக்கு அப்புறம் தான் ரயில் அந்த ஊருக்கு வந்துச்சு. நெய்வேலி இதுக்கு நேர் எதிர், லைன் முதல்ல, 1956-ல தான் நிலக்கரி கம்பெனி.

சரி, இப்ப நேர்ல போய்ப் பாக்குற வேலை. ஒரு பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்துக்கங்க. தண்டவாளத்துல எறங்கி நடக்காதீங்க, அது சட்டப்படி குற்றம், மேல போற கம்பில 25,000 வோல்ட் வேற ஓடுது, செல்ஃபி ஸ்டிக்க தூக்கிப் புடிக்கிற வேலையெல்லாம் வேணாம். பெரிய கேமரா கொண்டு போனா ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, தேவைன்னா எழுதிக் குடுத்து அனுமதி வாங்குங்க. "சார், ஊர் வரலாறு எழுதறேன்"னா பல பேரு உக்கார வச்சுப் பேசுவாங்க, சொல்லாம எடுத்தா தான் வம்பு.

பாக்க வேண்டியது பிளாட்பார்ம் ஓரம், கூட்ஸ் ஷெட், வேலி. பழைய ஸ்டேஷன்கள்ல வேலிக் கம்பமா, ஷெட் தூணா நட்டு வச்சிருக்கறது பல இடத்துல பழைய மீட்டர் கேஜ் தண்டவாளத் துண்டு தான். அதோட பக்கவாட்டுல, அதான் நடுவுல ஒல்லியா இருக்குற பாகம், அதுல உருட்டும்போதே பதிச்ச எழுத்து இருக்கும். எந்த இரும்பாலை, எந்த வருஷம், சில சமயம் ரயில் கம்பெனியோட முதல் எழுத்து. பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு மூடியிருப்பாங்க, சுரண்டாதீங்க, ஒரு வெள்ளத்தாள மேல வச்சு பென்சில படுக்க வச்சு லேசா தேச்சா எழுத்து எழும்பி வரும். சாயங்கால வெயில் சாய்வா அடிக்கிறப்ப போட்டோ எடுத்தாலும் தெரியும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, அந்த வருஷம் தண்டவாளம் செஞ்ச வருஷம், லைன் திறந்த வருஷம் இல்ல. வேற ஊர்லேர்ந்து கழட்டிட்டு வந்த துண்டாக் கூட இருக்கலாம்.

அப்புறம் கட்டடத்தோட தரைமட்டம். பிராட் கேஜ் ஆக்கறப்ப பிளாட்பார்ம உசத்துனாங்க, பழைய கட்டடம் அப்படியே நின்னுடுச்சு, அதனால சில ஸ்டேஷன்ல பிளாட்பார்ம்லேர்ந்து ஆபீஸ் ரூமுக்கு படி எறங்கிப் போற மாதிரி இருக்கும். அந்தப் படி இருந்தா கட்டடம் கேஜ் மாத்துனதுக்கு முந்தினதா இருக்க நல்ல வாய்ப்பு. நம்ம பக்கம் பாண்டி லைன் 2004-ல மாறுச்சு, விழுப்புரம் மாயவரம் 122 கிலோமீட்டர் 2010-ல தான் திறந்தாங்க, அது வரைக்கும் சில வருஷம் வண்டியே இல்லாம சிதம்பரம், சீர்காழி ஆளுங்க எல்லாம் பஸ்லயே கெடந்தாங்க. பாலத்தையும் விடாதீங்க. விழுப்புரத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவுல பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம்னு நாலு ஆத்த தாண்டுது இந்த லைன். பாலத்துக்கு கிட்ட போகாம, பக்கத்து ரோட்டுப் பாலத்துல நின்னே பாக்கலாம். பால நம்பரும் எத்தன கண்ணுன்னும் எழுதி வச்சிருப்பாங்க, பழைய தூண் ஏதாவது மொட்டையா நிக்குதான்னும் பாருங்க.

ஆளுங்கள கேக்குறது தனிக் கலை. பண்ருட்டில ஒரு மண்டிக்கடைல கணக்குப் புள்ளையா இருந்த ஒரு பெரியவர்கிட்ட "ஐயா, அந்தக் காலத்துல ரயில் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டேன். "நல்லா இருந்துச்சு தம்பி"ன்னாரு, வெத்தலைய மடிச்சாரு, அவ்ளோ தான். கேள்விய மாத்தி, "மூட்டைய யாருய்யா எண்ணுவாங்க, உங்க ஆளா ரயில்வே ஆளா"ன்னு கேட்டதும் மனுஷன் நிமிந்து உக்காந்துட்டாரு. "ரெண்டு பேரும் தான் எண்ணுவோம், அதுல தான தம்பி சண்டையே! வேகன் வந்துருச்சுன்னு ஆள் வந்து சொன்னா சோத்துல வச்ச கைய ஒதறிட்டு ஓடணும், நேரத்துக்குள்ள ஏத்தலன்னா டெமரேஜ்னு தாமத அபராதம் போட்டுடுவான். ஏத்தி முடிச்சு, சரக்கு ஏத்துனதுக்கு ரயில்வே குடுக்குற ஆர்.ஆர். ரசீது வாங்குனா தான் மூச்சு வரும், அத எடுத்துட்டுப் போய் பேங்க்ல குடுத்தா தான் மொதலாளிக்கு பணம். ஸ்டேஷன் மாஸ்டர யாரு பாத்தா? எங்களுக்கு கூட்ஸ் கிளார்க்கு தான் சாமி." இந்த நாலு வரில அந்த ஊர் யாவாரம் எப்படி நடந்துச்சுன்னு முழுசா இருக்கு. அதனால "எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க, யாரு எண்ணுனா, யாரு தூக்குனா, எங்க வச்சீங்க, மழை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. கேங்மேனா இருந்தவங்க, கேட்ல வேலை பாத்தவங்க, ஸ்டேஷன் வாசல்ல டீக்கடை, குதிரவண்டி வச்சிருந்த வீட்டு ஆளுங்க, பூக்காரம்மா, இவங்கள முதல்ல புடிங்க. பொம்பளைங்ககிட்ட தனியா கேளுங்க, ஆம்பளைங்க இன்ஜின் கதை சொல்வாங்க, அவங்க தான் எந்த வண்டில யாரு தயிர், மீன் கூடையோட ஏறுனாங்கன்னு சொல்வாங்க.

பாண்டிக்கு இன்னொரு கேள்வியும் சேத்துக்கங்க, சுங்கம். 1954 நவம்பர் 1-ல பிரெஞ்சு ஆட்சி கைமாறுற வரைக்கும் வில்லியனூர் பக்கம் ரயில் வெளிநாட்டுக்குள்ள நுழைஞ்சு வந்துட்டு இருந்துச்சு. அதனால பாண்டி குடும்பங்கள்ல எதை எப்படி மறைச்சு கொண்டு வந்தோம்ங்கற கதைக்கு பஞ்சமே இல்ல. 1908-ல பாரதி வந்து தங்குனதுக்கு அப்புறம், அதுலயும் 1911-ல மணியாச்சி ஜங்ஷன்ல கலெக்டர் ஆஷ சுட்டதுக்கு அப்புறம், பாண்டிக்கு யாரு வர்றா யாரு போறான்னு இங்கிலீஷ் போலீஸ் உத்துப் பாத்துட்டே இருந்துச்சு. அந்த உளவு ரிப்போர்ட்டும் உங்களுக்கு ரயில் வரலாறு தான், எந்த வண்டில வந்தான்னு கூட குறிச்சிருப்பான்.

கதைய வாங்கிட்டு வந்ததும் தேதிய வச்சு உரசிப் பாருங்க. உதாரணத்துக்கு, வடலூருக்கு வள்ளலார் ரயில்ல வந்தாருன்னு யாராவது சொன்னா, அன்பா தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்க. சத்திய ஞான சபை 1872, மேட்டுக்குப்பத்துல அவரு அறைக்குள்ள போனது 1874. குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியா லைன் வந்தது அதுக்கு ஐம்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு. தைப்பூசத்துக்கு ஜனங்க ரயில்ல குவியறாங்கங்கறது நெசம், அவரு ஏறி வந்தாருங்கறது நெசமில்ல. இப்படிப்பட்ட கதையத் தூக்கிப் போட்றாதீங்க, "ஊர்ல இப்படி ஒரு பேச்சு இருக்கு"ன்னு தனியா எழுதி வைங்க, எதுக்காக அந்தப் பேச்சு வந்துச்சுங்கறதும் ஒரு வரலாறு தான்.

எழுத்து ஆதாரத்துக்கு, தென்னாற்காடு மாவட்டத்துக்கு ரெண்டு பழைய புஸ்தகம் கண்டிப்பா வேணும். கார்ஸ்டின் எழுதின 1878 மேனுவல், பிரான்சிஸ் எழுதின 1906 கெசட்டியர். ரெண்டும் இன்டர்நெட்ல ஸ்கேனா கிடைக்குது. இந்த ரெண்டுக்கும் நடுவுல 28 வருஷம், ஒரே ஊரப் பத்தி ரெண்டுலயும் என்ன எழுதியிருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா ரயில் என்ன மாத்துச்சுன்னு நேரா தெரிஞ்சிடும், முதல்ல சந்தை எங்க கூடுச்சு, பின்னாடி எங்க கூடுச்சுன்னு பாருங்க. ஆனா எழுதுனது வரி வசூல் பண்ண வந்த அதிகாரி, அவனுக்கு ரயில்னாலே நல்லது தான், லைன் போட்டவன் கூலி பத்தியெல்லாம் அதுல பெருசா எதிர்பாக்காதீங்க. லைன் போட்ட அதே வருஷங்கள்ல தான், 1876-லேர்ந்து 1878 வரைக்கும், தாது வருஷப் பஞ்சம்ங்கறத பக்கத்துல எழுதி வச்சுக்கிட்டு படிங்க. ஆழமா போகணும்னா சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பாண்டி பக்கத்துக்கு 1827-லேர்ந்து இருக்குற ரோமன் ரோலண்ட் நூலகம். பிரெஞ்சு தெரியலன்னா பயப்படாதீங்க, ஊர் பேரும் எண்ணும் எல்லா பாஷைலயும் ஒண்ணு தான், சந்தேகப் பக்கத்த போட்டோ எடுத்துட்டு வந்து தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. இன்ஜின், சிக்னல் சாமான் எல்லாம் கண்ணால பாக்கணும்னா திருச்சில ரயில்வே மியூசியம் இருக்கு.

வீட்டுப் பரணையும் விட்றாதீங்க. பழைய சீசன் டிக்கெட், அட்டை டிக்கெட், ஆர்.ஆர். ரசீது அடிக்கட்டை, கல்யாணப் பத்திரிகை. பத்திரிகைல "ரயில் மார்க்கம்"னு எந்த வண்டி எந்த ஸ்டேஷன்ல எத்தன மணிக்குன்னு போட்டிருந்தா அது ஒரு டைம்டேபிளுக்கு சமம். இந்தக் கரையோர ஊர்ல பேப்பர் தங்குறதே கஷ்டம், 2004 சுனாமில கொஞ்சம் போச்சு, 2011 கடைசில தானே புயல்ல கூரையோட சேத்து கொஞ்சம் போச்சு, மிச்சத்த கரையான் பாத்துக்கும். அதனால வீட்ல எதையாவது காட்டுனா அப்புறம் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லாதீங்க, அங்கயே ஜன்னல் வெளிச்சத்துல வச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துட்டு அப்பவே திருப்பிக் குடுத்துடுங்க.

எழுத உக்காரும்போது முழு லைனையும் எழுதணும்னு நெனைக்காதீங்க, ஒரு ஸ்டேஷன், அதுல ஒரு சரக்கு, அது போதும். ஆலப்பாக்கமோ கிள்ளையோ வரகால்பட்டோ, சின்ன ஸ்டேஷனா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா பெரிய ஊரப் பத்தி ஏற்கனவே யாராவது எதையாவது எழுதியிருப்பாங்க. போட்டோ ஃபைலுக்கு ஸ்டேஷன் பேரு, தேதி, எந்தப் பக்கம் பாத்து எடுத்ததுன்னு பேர் வைங்க. ஆடியோ ரெக்கார்டிங்ல ஆரம்பத்துலயே தேதியும் ஊரும் உங்க வாயால சொல்லிடுங்க, பேசுனவங்க பேர வெளில போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயும் வீட்ல பசங்ககிட்டயும் சம்மதம் கேளுங்க. சென்னை, மாமல்லபுரம், பாண்டி வழியா கடலூருக்கு கடற்கரையோரமா ஒரு லைன் வரும்னு ரொம்ப வருஷமா பேசிட்டு இருக்காங்கல்ல, அந்தச் செய்தி பேப்பர்ல வர்றப்பல்லாம் வெட்டி, மேல தேதி எழுதி, அதே ஃபைல்ல போட்டு வைங்க.